எள்ளலில் மூன்றாம் வகை

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் ஒரு மாணவிக்கு நான் 10க்கு 4 மதிப்பெண் போட்டேன். மற்ற இரண்டு நடுவர்களும் 9 போட்டிருந்தார்கள். என்னால் அவளுக்கு முதல் பரிசு போயிற்று. அந்த நான்கைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

அழைப்பிதழில் போட்டியின் பெயர் 'தனிநபர் நகைச்சுவை'. மாணவிகள் ஸ்டாண்ட்-அப் என்பார்கள். ஐந்து நிமிடம், கையில் ஒரு மைக். வேடம் கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது. அவள் சிறுமலைப் பெண். திண்டுக்கல்லில் எங்கள் துறையின் மாடி ஜன்னலில் நின்றால் அந்த மலை தெரியும். 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் பஸ்ஸில் இறங்கி ஏறிப் படித்தவள். மலையிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருவார்கள். தாமதமாக வந்தால் யாரையும் தாண்டிப் போக வேண்டாம் என்பது காரணம். அவளும் அப்படித்தான். மூன்று பருவம் அவள் குரலையே நான் கேட்டதில்லை.

மேடையில் ஏறியதும் தன் நிறத்தில் ஆரம்பித்தாள்.

"எங்க மலையில கரண்டு போனா எங்க வீட்டுல என்னையத் தேட மாட்டாக. சிரிடின்னு கத்துவாக."

அரங்கம் அதிர்ந்தது. நிறத்தைப் பற்றியே இன்னும் இரண்டு மூன்று சொன்னாள். பிறகு அம்மாவுக்கு வந்தாள். அம்மா தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வாழைத்தார் சுமக்கிறார். பாதை இல்லாத தோட்டங்களிலிருந்து சுமை இறக்கச் சிறுமலையில் குதிரைகள் உண்டு. தார் சுமந்து கழுத்தை முன்னே நீட்டி அம்மா நடக்கிற நடையை நடந்து காட்டினாள். "தூரத்துல இருந்து பாத்தா எது குதிரை, எது எங்கம்மான்னு தெரியாது. கிட்டப் போனாத்தேன் தெரியும். குதிரைக்குக் கொள்ளு வச்சிருப்பாக."

எனக்குப் பின்னால் எங்கோ ஒரு பெண் எல்லோருக்கும் மேலாகச் சிரிப்பது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தது அவளுடைய அம்மா. மகளின் நிகழ்ச்சியைப் பார்க்க அன்றுதான் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. மகள் தன்னைக் குதிரையாக்குவது புரியாமல் சிரிக்கிறாரே என்று நினைத்தேன். நான்கு போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தி, நான்கு பேர் கேட்கும்படி, "அம்மாவ வித்துக் கைதட்டல் வாங்காதம்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

நான் அப்படிச் சீறியதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவள் சம்பந்தப்பட்டதல்ல. பதினெட்டு வயதில் மதுரையில் விடுதியில் சேர்ந்தபோது நகரத்துப் பெண்களுக்கு நடுவில் எனக்கென்று ஓர் இடம் தேவைப்பட்டது. என் அப்பத்தாவின் பேச்சைக் கொண்டு அதை வாங்கினேன். அப்பத்தா முதன்முதலில் போன் பேசியது, ஏரோப்பிளேனைக் கும்பிட்டது, வெற்றிலைச் சாற்றோடு வைகிற வசவு எல்லாம் ராத்திரி மெஸ் முடிந்த பிறகு அறையில் அரங்கேறும். 'இன்னொரு தடவை அப்பத்தா' என்று கேட்பார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அப்பத்தா முகத்தை நேராகப் பார்க்க வராது. அவருக்கு இது கடைசிவரை தெரியாது. என் கவிதைகளில் அப்பத்தா பலமுறை வருகிறார். விடுதி அறை ஒருமுறையும் வந்ததில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு. பிறரை இகழும் எள்ளல், பிள்ளைத்தனமான இளமை, அறியாமையாகிய பேதைமை, நான்காவது மடன். மடன் என்பதற்குப் பேராசிரியர் உரையிலிருந்து கிடைக்கும் பொருள், சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாதிருப்பது. இதை ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் மாணவிகளை முன்னே புரட்டச் சொல்வேன். களவியலில் பெண்ணுக்கு என்றும் உரியவை என்று அதே நூல் சொல்லும் குணங்கள் மூன்று. அச்சம், நாண், இன்னொன்று இதே மடன். ஒரு கையால் பெண்ணுக்கு அணியாகப் பூட்டுவதை மறு கையால் சிரிப்புக்குரிய பண்டமாக எடுத்து வைக்கிறோம். சொன்னதைக் கேட்டு நடந்தால் சிரிப்பார்கள். கேட்காவிட்டால் வேறு பெயர் சொல்வார்கள். வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் யாராவது ஒருத்தி சிரிப்பாள். அவளுடைய வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை.

எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழும்போது தான் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். சமையலைப் பற்றி மாமனார் சொன்ன கேலிக்கு, அலுவலகத்தில் தலைவர் அடித்த ஜோக்குக்கு, நாமே முந்திச் சிரித்து வைக்கிறோம்; அப்போதுதான் அது அவமானம் என்று யாரும், நாமுமே, சொல்ல வேண்டியிராது. மேடையில் அந்த மாணவி செய்தது இந்த இரண்டிலும் அடங்கவில்லை. தன்னைத் தானே இகழ்ந்து பிறரைச் சிரிக்க வைப்பது மூன்றாம் வகை. நம் காலத்தில் அது ஒரு தொழிலாகவே ஆகியிருக்கிறது. அந்தத் தொழிலுக்கு வரும் பெண்ணிடம் அறம் கேட்கலாமா? கேட்டால் யாரிடம் கேட்பது, சொல்கிறவளிடமா, சிரிக்கிறவர்களிடமா?

தனியாக நின்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பதை நாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ததாக என் மாணவிகள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் அதற்கு முன்பே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வரும் இசை நாடகத்தை மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்போம். வள்ளித் திருமணத்துக்கு முருகன் ஓர் ஊரிலிருந்தும் வள்ளி இன்னோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். இரவு பத்து மணிக்கு மேல், கதை தொடங்குமுன், பபூன் வருவார். மைக்கைப் பிடித்து நேராகக் கூட்டத்தோடு பேசுவார். ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்வார். தன் பெண்டாட்டியைக் கிண்டல் செய்வார். பிறகு 'டான்ஸ்' என்று அழைக்கப்படும் நடிகை வருவார். அவர் ஆடுவார், பாடுவார், பபூனுக்குப் பதில் சொல்வார். ஆனால் நான் பார்த்த ராத்திரிகளில் கூட்டத்தோடு தனியாகப் பேசும் அரை மணி நேரம் அவருக்குக் கிடைத்ததில்லை. பபூன் வந்ததும் அம்மா என்னைச் சாக்கில் படுக்க வைத்துப் போர்வையைக் காதுவரை இழுத்துவிடுவார். போர்வைக்குள்ளிருந்து கேட்டதுதான் நான் கேட்ட முதல் ஸ்டாண்ட்-அப். அம்மாவின் வயிறு குலுங்குவது என் முதுகில் தெரியும். சத்தம் வராது.

இந்தக் கலைஞர்களோடு பல காலம் பழகிய சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர், அவர்கள் மேல் ஒட்டியிருக்கும் இழிவைப் பற்றி 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நடிகைகள் ஊர்விட்டு ஊர் போகும் வழியில், தாங்கள் நாடகக்காரிகள் என்று தெரியாதபடி குடும்பப் பெண்களைப் போலக் காட்டிக்கொள்ளப் படும் பாட்டை அவர் எழுதியிருக்கிறார். விடியவிடியப் பேசியவர் காலை பஸ்ஸில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வர வேண்டும். பபூனுக்கு அந்தக் கவலை இவ்வளவு இல்லை.

இந்த நாடக உலகிலிருந்துதான் மனோரமா வந்தார். 1937இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா. அப்பா, அம்மாவின் தங்கையையே இரண்டாவதாகக் கட்டிக்கொள்ள, அம்மா ராமாமிர்தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர் போய்ச் சேர்ந்தார். பலகாரம் சுட்டு விற்றார். அம்மாவுக்கு நோய் வந்தபோது சிறுமி பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டு வேலைக்குப் போனாள். பன்னிரண்டு வயதில், ஊருக்கு வந்த நாடகம் ஒன்றில் பெண் வேடக்காரருக்குப் பாட்டு வராததால், பாடத் தெரிந்த இவளை மேடையில் ஏற்றினார்கள். மனோரமா என்ற பெயர் நாடகக்காரர்கள் வைத்தது. நாடகக் குழுவில் இருந்தவரையே காதலித்து மணந்தார். மகன் பிறந்து கொஞ்ச காலத்தில் அவர் விலகிப் போய்விட்டார். அம்மாவுக்கு நடந்தது மகளுக்கும் நடந்தது. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மகள் வேலைக்குப் போனார். அந்த வேலை சிரிக்க வைப்பது.

பிற்காலத்தில் எல்லோரும் அவரை 'ஆச்சி' என்றார்கள். செட்டிநாட்டில் அது வீட்டு எசமானியைக் கூப்பிடும் சொல். பள்ளத்தூரில் பாத்திரம் தேய்க்கப் போன சிறுமி, அந்த வீட்டு அம்மாவை அப்படித்தான் அழைத்திருப்பாள். அந்தச் சொல்லையே தமிழ்நாடு முழுக்கத் தன் பெயராக ஆக்கிக்கொண்டதைவிடப் பெரிய நகைச்சுவை அவர் வாழ்வில் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' அவருக்கு முதல் படம். கிடைத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகியாகவே நடித்தால் நாலைந்து ஆண்டில் காணாமல் போய்விடுவாய், இது நிலைக்கும் என்று கண்ணதாசன் சொன்னதை நன்றியோடு அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அறிவுரை சரியாகத்தான் இருந்தது. 1985இல் ஆயிரம் படம் கண்டவர் என்று கின்னஸில் பெயர் வந்தது. ஆனால் அந்தச் சரியில் ஒரு கசப்பு இருக்கிறது. நாயகியின் இளமைக்கு நாலைந்து ஆண்டு என்று கெடு வைத்த ஒரு தொழில், கெடு இல்லாத இடம் என்று ஒரு பெண்ணுக்குக் காட்டியது, அழகி என்ற பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும் இடத்தைத்தான். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். பிறகு திரும்பிவிட்டார்.

அந்தக் காலப் படங்களை மறுபடி பார்க்கும்போது, தமிழ் வாத்தியாரம்மா என்பதால், எனக்குக் காது முன்னே போகிறது. நாயகி பேசும் தமிழுக்குப் பெரும்பாலும் ஊர் கிடையாது. மனோரமாவின் தமிழுக்கு உண்டு. 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் தூத்துக்குடிக் கடற்கரை. 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைக் குப்பம். 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தில் கொங்கு. வட்டார வழக்கு கதைகளில் இலக்கியமாக ஏற்கப்படுவதற்குப் பட்ட பாட்டை நாம் பாடமாக நடத்துகிறோம். திரையில் ஒரு பெண், வட்டார வழக்கை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்புக்கு ஆளாகியபடியே ஊர் ஊராகக் கொண்டுபோனதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்க்கவில்லை. தியேட்டரில் சிரித்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டு, 'இப்படியும் பேசுவார்களா' என்று சிரித்திருக்கலாம். 'நம்ம மாதிரியே பேசுது பார்' என்றும் சிரித்திருக்கலாம். இரண்டு சிரிப்பும் ஒரே சத்தம்தான். டிக்கெட் கொடுக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மனோரமாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்து ஜில் ஜில் ரமாமணியை எடுத்துக்கொள்வோம். நாடகக்காரியை நாடகத்திலிருந்து வந்தவரே நடித்தார். படம் முழுவதும் மோகனாவின் கௌரவம் காக்கப்பட வேண்டிய பொருளாக நடுவில் நிற்கிறது. ரமாமணிக்கு அப்படிக் காக்க யாரும் எதுவும் வைக்கவில்லை. அதனாலேயே அவளுக்கு வாய் இருக்கிறது. வெகுளியாக, ராகம் போட்டு, நினைத்ததைப் பேசுகிறாள். அவள் பேச்சுக்குச் சிரிக்கிறோம், அவளைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுவதில்லை. மடன் என்று பார்வையாளர் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் கண்ணுக்குள் ஒரு கூர்மையை வைத்துவிடுகிறார். எழுதிக் கொடுத்த வசனத்தில் அது இருந்திருக்க வழியில்லை.

எல்லாப் படத்திலும் இப்படி இல்லை. ஓங்கிய குரல், ஆண்பிள்ளை மேல் விழும் ஆசை, தன் அழகைப் பற்றித் தானே கொள்ளும் மயக்கம் என்று அரைத்த மாவையே அரைத்த படங்கள் பல. அவற்றில் அவர் தன்னையே எள்ளிக் காசு வாங்கினார். அந்தக் காசில் ஒரு வீடு நின்றது, ஒரு மகன் வளர்ந்தான், ஒரு தாய் பலகாரம் சுடுவதை நிறுத்தினார். இதற்கு மேல் நின்று அவரிடம் அறம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. 'புதிய பாதை' (1989) படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அது அழ வைத்ததற்கான விருது. முப்பது ஆண்டுகள் சிரிக்க வைத்ததற்கு அந்த விருது வரவில்லை. 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் இறந்தார். அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்று முதல்வரான ஐந்து பேரோடு நடித்தவர் என்பதை அப்போது எல்லாப் பத்திரிகையும் எழுதின. நடிப்பை அளக்க ஆண்களின் நாற்காலியும் ஓர் அளவுகோல்தான் போலும். (டி.ஏ. மதுரத்துக்கும் இதே கணக்குத்தான். கலைவாணர் சிந்திக்கவும் வைத்தவர், மதுரம் கலைவாணரோடு நடித்தவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதான அவர் 1947இல் வெளியே வரும் வரை வழக்கை நடத்தியது யார் என்பதை இரண்டாம் பத்தியில்தான் எழுதுவார்கள்.)

தன்னை எள்ளாமல் வெளியே பார்த்து எள்ளும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதற்கு மும்பையின் அக்ரிமா ஜோஷுவா இருக்கிறார். கடலில் எழுப்பவிருந்த சிவாஜி சிலையைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டவற்றைக் கிண்டல் செய்த அவருடைய பழைய காணொளி ஒன்று 2020 ஜூலையில் பரவியது. பாலியல் வன்முறை மிரட்டல்கள் குவிந்தன. மிரட்டியவர்களில் ஒருவர் வதோதராவில் கைதானார். ஆனாலும் மன்னிப்புக் கேட்டது அக்ரிமாதான். ஆண்களையும் இந்நாடு விட்டுவைக்கவில்லை. முனாவர் ஃபாரூக்கி, மேடையில் சொல்லாத ஒரு ஜோக்குக்காக 2021 ஜனவரி முதல் நாள் இந்தூரில் கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். என்றாலும் உடம்பைக் குறிவைக்கும் மிரட்டல் பெண்ணுக்கென்று தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தன் நிறம், தன் உடல், தன் அம்மா என்று உள்ளுக்குள்ளேயே எள்ளிக்கொள்வது பாதுகாப்பானது. கைதட்டலும் கிடைக்கும்.

டாஸ்மேனியாவில் பிறந்த ஹன்னா காட்ஸ்பி 2018இல் 'நனெட்' என்ற தன் நிகழ்ச்சியில் இதைப் போட்டு உடைத்தார். ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் ஒருவர் தன்னைத் தாழ்த்திச் சிரிக்க வைப்பது பணிவாகாது, அவமானம்தான். இனி அதைச் செய்ய மாட்டேன் என்றார். சிரிக்க வந்த கூட்டத்தைப் பாதியில் சிரிப்பில்லாமல் உட்கார வைத்தார். பார்த்துவிட்டுப் பல நாள் தூக்கம் வரவில்லை. என் மாணவிகளுக்கும் போட்டுக் காட்டினேன். நான் போட்ட நான்குக்கு ஒரு வெள்ளைக்காரச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்ற திருப்தியும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் திருப்தியைக் கெடுத்தவள் அவளேதான். இறுதியாண்டு முடிந்து பி.எட். விண்ணப்பத்தில் கையெழுத்துக்காக வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்பல்லாம் ஏன் பேசுறதில்ல?" என்றேன். கொஞ்ச நேரம் பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"மேடம், கொடைரோட்டுல டோல்கேட் இருக்குல்ல?"

"ஆமா."

"நான் மேடை ஏறுனதும் எல்லாரும் என் கலரத்தான் பாப்பாங்க. நான் அதச் சொல்லலன்னா கடைசி வரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டிருப்பாங்க. முதல் ஒரு நிமிசத்துல நானே சொல்லிட்டா கேட்டத் தெறந்து விட்ருவாங்க. அப்புறம் நான் சொல்ல வந்தத சொல்லலாம். அறந்தாங்கி நிஷாக்காவும் அப்படித்தான் மேடம் ஆரம்பிச்சாங்க."

"சொல்ல வந்தது என்ன, அம்மா குதிரை மாதிரின்னா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாண்டில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கொள்ளு மேடம்" என்றாள்.

அவள் போன பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சுமக்கிற குதிரைக்கு வேளைக்குத் தீனி வைக்கிறவர், சுமக்கிற பெண்ணுக்கு என்ன வைத்தார் என்பதுதான் அந்த ஜோக். எள்ளப்பட்டது தோட்டக்காரர். நான் நடையைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், கடைசி வாக்கியத்தைக் கேட்கவில்லை. அரங்கில் மற்றவர்கள் கேட்டார்களா என்றும் சொல்ல முடியாது. அவர்கள் நிறத்துக்குச் சிரித்த அதே சிரிப்பைத் தொடர்ந்திருக்கலாம். பேராசிரியர் உரையை இருபது ஆண்டு நடத்தியவள், யார் யாரை எள்ளுகிறார் என்று பிரிக்கத் தெரியாமல் நான்கு போட்டிருக்கிறேன். அப்பத்தாவைச் சொல்லி நான் சிரிக்க வைத்ததில் கொள்ளு எதுவும் இருக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தது என் குற்ற உணர்வு. அதற்கு அவள் விலை கொடுத்தாள்.

ஆனாலும் அந்தச் சுங்கம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஆண்கள் அந்தக் கேட்டை வெறுமனே கடக்கிறார்களா? குண்டாக இருப்பவர், குள்ளமாக இருப்பவர், கருப்பாக இருப்பவர் எல்லோரும் கொஞ்சம் கட்டித்தான் போகிறார்கள். ஆனால் ஒருமுறை கட்டினால் போதும். அடுத்த படத்தில் அவர்கள் ஊரையே கிண்டல் செய்யலாம். பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் ரசீது கேட்கப்படுகிறது. தன்னை எள்ளும் பெண்ணிடம் நான் இப்போது கேட்டுப் பார்க்க விரும்புவது ஒன்றுதான். நாளைக்கு அதை விட்டுவிட்டுப் பேச உனக்கு இடம் இருக்கிறதா? இருந்தால் அது உன் விருப்பம், உன் கலை. இல்லையென்றால், கேள்வி உன்னிடமல்ல, எதிரே நாற்காலியில் இருக்கும் எங்களிடம். காட்ஸ்பியால் நிறுத்த முடிந்தது. அதற்குள் அவருக்கு மேடை சொந்தமாகியிருந்தது. மனோரமாவால் 1960களில் நிறுத்த முடிந்திருக்குமா? பள்ளத்தூருக்குத் திரும்பியிருக்க வேண்டும். என் மாணவி நிறுத்தினாள். ஆனால் அதை அவள் முடிவு என்று சொல்ல முடியாது. ஒரு நடுவர் தாழ்வாரத்தில் வைத்து நிறுத்திவிட்டார்.

போன தை மாதம் அவள் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை கொண்டுவந்து வைத்தாள். போனேன். மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஏழாவது வளைவில் ஆரம்பித்தது பதினெட்டாவது வரை விடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் அம்மாதான் வந்து செம்பில் தண்ணீர் ஊற்றி முகம் கழுவ வைத்தார். ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். காதுகுத்து முடிந்து, சாப்பாடு முடிந்து, வாசலில் பலா மரத்தடியில் பெண்களாக உட்கார்ந்திருந்தோம். சிறுமலைப் பழம் ஒரு சீப்பு நடுவில் இருந்தது. புவிசார் குறியீடு வாங்கிய பழம். அதைச் சுமக்கிறவர் என் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றேன். "அன்னைக்குக் காலேஜ்ல, ஒங்க மக ஒங்களச் சொன்னப்ப, ஏன் அப்படிச் சிரிச்சீங்க?"

"எப்ப டீச்சரம்மா?"

"குதிரை கதை சொன்னாளே."

அவர் யோசித்தார். பிறகு நினைவு வந்து, மகளைப் பார்த்து, சிரிப்பை அடக்கப் பார்த்தார். "அட, சொல்லாத ஆத்தா" என்று மகள் கையைப் பிடித்தாள். அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அந்தக் கதை வீட்டுல நூறு வாட்டி கேட்டது டீச்சரம்மா. அதுக்கா சிரிப்பாக? அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாக, முன்னால ஒரு அம்மா மட்டும்..." என்று சொல்லி நிறுத்தினார். முதுகை நிமிர்த்தி உட்காருவது போல நின்றார். இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். உதட்டைக் குவித்து, வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இல்லாத பேனாவால் உள்ளங்கையில் என்னவோ எழுதினார். எழுதிவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

மரத்தடியே குலுங்கியது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒரு பாட்டிக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு இன்னொரு தடவை செய்து காட்டினார்.